பிற எனில் விளக்கவும்

எங்கள் பல்கலைக்கழகத்தின் நெறிமுறைக் குழுவுக்கு இருபத்திரண்டு வருஷமாகக் கூட்டக் குறிப்பு எழுதுகிறவன் நான். உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கத்தினால் 'விவாதம் நடைபெற்றது' என்று எழுதுவேன். தூங்கினால் 'உறுப்பினர் கலந்துகொண்டார்' என்று எழுதுவேன். ஒருமுறை ஓர் ஆராய்ச்சி மாணவி எங்கள் முன்னால் குலுங்கிக் குலுங்கி அழுதாள். 'விண்ணப்பதாரர் தன் தரப்பை விளக்கினார்' என்று எழுதினேன். இந்தக் கதையிலும் அந்தக் கைப்பழக்கம் அங்கங்கே தலைகாட்டினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆராய்ச்சி என்ற பெயரில் யாரும் யாரையும் துன்புறுத்திவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டது இந்தக் குழு. மொத்தம் மூன்று பேர். தலைவர் ஓய்வு பெற்ற வேதியியல்காரர். எந்த விஷயம் வந்தாலும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டிக்கொண்டு, "அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கலாம்" என்பார். அதனால் அவருக்கு ஒத்திவைப்பு என்று பெயர். இரண்டாமவர் சட்ட அம்மா. மூன்றாமவர் ஆராய்ச்சிக்குச் சம்பந்தமே இல்லாத பொதுமக்கள் பிரதிநிதியாக இருக்க வேண்டும் என்று விதி. தேடிப் பிடித்து, மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்த ஒரு பெரியவரைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அவரைப் பொதுமக்கள் என்றே சொல்வோம். டீயும் பிஸ்கட்டும் வரும்வரை பொதுமக்கள் விழித்திருப்பார்கள். அதற்குப் பிறகு தூங்கிவிடுவார்கள்.

இந்தக் குழு முன்னால்தான் கணினித் துறைப் பேராசிரியர் ஒரு திங்கட்கிழமை காலை வந்து நின்றார். மனிதப் பேச்சைக் கணினிக்குப் புரியவைக்கிற ஆராய்ச்சி அவருடையது. பல்கலைக்கழகத்துக்கு ஃபோன் செய்தால் 'ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்' இல்லாமல் வாயால் கேட்டதுக்கே பதில் வருகிறதே, அது அவரும் அவர் மாணவர்களும் செய்தது. யாரைப் பார்த்தாலும் முதலில் மன்னிப்புக் கேட்பதுபோல் சிரிக்கிற மனிதர். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்தார்.

விஷயம் சின்னது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் மனைவிக்குப் பக்கவாதம் வந்தது. போஸ்ட் ஆபீஸ் கவுண்டரில் இருபத்தெட்டு வருஷம் உட்கார்ந்து, எதிரே நிற்கிற ஊரையே வாயால் வரிசையில் நிறுத்தி வைத்த அம்மா அவர். புத்தி அப்படியே இருந்தது. கேட்பதெல்லாம் புரிந்தது. வாய் மட்டும் 'தத்தா', 'னேனே', 'ம்பவா' என்று எதையோ கொடுத்தது. டாக்டருக்குப் புரியவில்லை. நர்ஸுக்குப் புரியவில்லை. கடல் கடந்து இருக்கிற மகளுக்கும் புரியவில்லை. பேராசிரியர் ஒருவருக்குத்தான் புரிந்தது.

அவரும் ஒரே நாளில் கற்றுக்கொள்ளவில்லை. அந்த ஓசைகளை ஒரு கருவியில் பதிவு செய்துகொண்டே ஒரு நீளமான நோட்டுப் போட்டார். தேதி, என்ன ஓசை, என்ன பொருள், சரிபார்த்தவர் என்று நான்கு கட்டம். அவர் ஒரு பொருள் சொல்லிக் கேட்பார். சரி என்றால் அந்த அம்மா அவர் மணிக்கட்டை ஒருமுறை அழுத்துவார். தப்பு என்றால் இரண்டு முறை பட்பட்டென்று அடிப்பார். சரிபார்த்தவர் கட்டத்தில் எல்லா வரியிலும் 'அவள்' என்று எழுதியிருந்தது. அன்றைக்கு அதில் நானூறு வரி.

அந்த ஓசைகளைக் கேட்டு வார்த்தையாகத் திரையில் காட்டுகிற ஒரு பெட்டி செய்ய வேண்டும். பல்கலைக்கழகக் கணினிகளைப் பயன்படுத்த வேண்டியிருந்ததால் முறைப்படி அனுமதி கேட்டார். 'ஆய்வின் நோக்கம்' என்ற இடத்தில், 'என் இதயத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள். நான் போன பிறகு இவள் தண்ணீர் கேட்டால் யாருக்கும் புரியாது' என்று எழுதியிருந்தார்.

ஒத்திவைப்பு அதை இரண்டு தடவை படித்தார். "நோக்கம் போதுமான அளவுக்கு அறிவியலா இல்லையே," என்றார்.

அடுத்து, ஆய்வாளருக்கும் பங்கேற்பாளருக்கும் உள்ள உறவு. மாணவர், நோயாளி, ஊழியர், பிற என்று நான்கு கட்டம் அச்சடித்திருக்கும்.

"பிறன்னு குறிச்சிருக்கீங்க. கீழ 'பிற எனில் விளக்கவும்'னு கேட்டதுக்கு 'முப்பத்தஞ்சு வருஷம்'னு எழுதியிருக்கீங்க. இது விளக்கமா?"

"மனைவி சார்."

"அதை எழுதவேண்டியதுதானே?"

"எழுதிப் பாத்தேன் சார். என்னமோ குறையற மாதிரி இருந்துது. அடிச்சிட்டு இதை எழுதினேன்."

ஒத்திவைப்பு கண்ணாடியைக் கழற்றினார். "சரி. பங்கேற்பாளர் எண்ணிக்கை ஒண்ணுன்னு போட்டிருக்கீங்க. ஒரு ஆளை வெச்சு ஆராய்ச்சியா? குறைஞ்சது முப்பது வேணும்."

"எனக்கு ஒரு மனைவிதான் சார்."

"அது உங்க தனிப்பட்ட வரம்பு. ஆராய்ச்சிக்கு அது காரணமாகாது."

சட்ட அம்மா குறுக்கிட்டார். அவர் கேள்விகளில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். "பேராசிரியர், ஒரே ஒரு கேள்வி. பங்கேற்பாளர் மேல உங்களுக்குப் பற்று இருக்கா?"

"இருக்குங்க."

"எவ்வளவு நாளா?"

"அவ கவுண்டர்ல நான் முதல்தடவை ஸ்டாம்ப் வாங்கின நாள்லேர்ந்து."

"எழுதிக்குங்க," என்றார் என்னிடம். 'தனக்குப் பற்று இருப்பதையும் அது நெடுநாளாக நீடிப்பதையும் ஆய்வாளர் ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன்.

அன்றைக்கு ஒத்திவைப்பே ஆச்சரியமாகத் தற்காலிக அனுமதி கொடுத்துவிட்டார். ஆனால் நிபந்தனைகள் வால்போல நீண்டன. பற்று இருப்பது நிரூபணமாகிவிட்டதால், பதிவு நடக்கும்போது கணவனும் மனைவியும் ஓர் அறையில் தனித்திருக்கக் கூடாது, மூன்றாம் நபர் ஒருவர் உட்கார வேண்டும். வீட்டில் இருக்கிற பழைய பதிவுகளையெல்லாம் ஒப்படைத்துவிட வேண்டும், இனி எதையும் வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் பங்கேற்பாளரின் உரிமையை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். பெட்டியைச் செய்யலாம், ஆனால் அந்த அம்மா முழு இசைவு தருகிறவரை அவர் முன்னால் அதை இயக்கக் கூடாது. இசைவைப் பற்றி ஆய்வாளர் அவரிடம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, பேசினால் அது வற்புறுத்தல். மூன்றாம் நபராக யாரை அனுப்புவது என்று யோசித்துவிட்டு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

அப்படித்தான் வியாழக்கிழமைதோறும் நான் அந்த வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன். முதல் நாளே பழைய பதிவுகள் இருந்த கருவியை உறையில் போட்டு அரக்கு வைத்து எடுத்து வந்தேன். இரண்டாம் மாடி. ஜன்னலோரம் சாய்வு நாற்காலி, அதில் அந்த அம்மா. எதிரே ஒரு ஸ்டூலில் பேராசிரியர். நடுவில் ஒலிவாங்கி. மூலையில் நான், மடியில் கண்காணிப்புப் படிவம்.

பேராசிரியர் தொண்டையைச் செருமிக்கொண்டு தாளைப் பார்த்து மனைவிக்கு வாசிப்பார். "தாங்கள் இந்த ஆய்வில் தாங்களாக முன்வந்து பங்கேற்கிறீர்கள். எப்போது வேண்டுமானாலும் எந்தக் காரணமும் கூறாமல் இதிலிருந்து விலகிக்கொள்ளலாம். விலகுவதால் தங்களுக்கு எந்தப் பாதிப்பும் ஏற்படாது."

அந்த அம்மா முதல் நாள் சிரித்த சிரிப்பில் சால்வை நழுவிக் கீழே விழுந்தது. பிறகு கணவர் மணிக்கட்டில் பட்பட்டென்று இரண்டு அடி. அதை எந்தக் கட்டத்தில் குறிப்பது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

பேச்சு ஒன்றும் பெரிய பேச்சில்லை. ஃபேனைக் குறைங்க. சாப்பிட்டீங்களா. என் கண்ணாடி எங்க. பக்கத்துல வந்து உக்காருங்க. ஒருநாள் என் பக்கம் கண்ணைக் காட்டி நீளமாக ஏதோ சொன்னார். பேராசிரியர் தலையைச் சொறிந்தார்.

"என்ன சார் சொல்றாங்க?"

"தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. 'இந்த ஆள் எப்பப் போவாரு'ன்னு கேக்கறா. பதிவாயிடுச்சு. இதையும் சேர்த்துத்தான் ஆகணும்."

ஒரு வியாழன் மகளின் அழைப்பு வந்தது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை வருவது, அன்று அவளுக்கு விடுமுறையாம். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல், "அம்மா, நல்லா இருக்கீங்களாம்மா?" என்று திரையில் கத்தினாள். அந்த அம்மா இரண்டு மூன்று ஓசை சொன்னார். பேராசிரியர் பொருள் சொன்னார். "கழுத்துல என்ன சிவந்திருக்கு, புது சோப்பு போட்டியா, உனக்குத்தான் சோப்பு மாத்தினா ஆகாதேன்னு கேக்கறா."

மகள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். "அப்பா, அம்மா இவ்வளவுமா சொன்னாங்க? நீங்களா சேத்துச் சொல்றீங்களா?"

அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கீழே இறங்கும்போது பேராசிரியர் மாடிப்படிவரை வந்தார். "பெட்டி சொன்னா பொண்ணு நம்புவா தம்பி. அதுக்கு இவ பேசின நானூத்திப் பதினாறு வாக்கியம்தான் உலகம். யார் என்ன பேசினாலும் அதுல எது கிட்ட வருதோ அதைத்தான் எழுதும். வேற ஒண்ணும் அதுக்குத் தெரியாது. ஒரே ஒரு தடவை இவ முன்னால ஓட்டிப் பாக்கணும். எங்க தப்பா வருதுன்னு இவதான் அடிச்சுச் சொல்லணும்."

ஐந்து மாதத்தில் பெட்டி தயாராகிவிட்டது. முழு இசைவு வாங்கும் நாளும் வந்தது.

பங்கேற்பாளர் தன் சம்மதத்தைத் தன் சொந்த வாயால் சொல்ல வேண்டும், ஆய்வாளர் அல்லாத ஒருவர் அதைக் கேட்க வேண்டும், அந்த நேரத்தில் ஆய்வாளர் காது எட்டாத இடத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. வீட்டில் காது எட்டாத இடம் இல்லை. குழுவுக்கு எழுதிக் கேட்டதில், ஆய்வாளர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு குழாயைத் திறந்து வைக்கட்டும் என்று பதில் வந்தது. பேராசிரியர் அப்படியே செய்தார். உள்ளே பாத்திரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் இசைவுப் படிவத்தை வாசித்தேன். பெட்டியை இயக்கச் சம்மதமா என்று கேட்டேன். அந்த அம்மா என்னைப் பக்கத்தில் வரச் சொல்லிக் கையைக் காட்டினார். சமையலறைக் கதவைச் சுட்டினார். தன் இடது மார்பில் கை வைத்தார், அங்கே இரண்டு விரலை ஊன்றிக் காட்டினார். கை நடுங்குகிற மாதிரி செய்தார். பிறகு அந்த நடுக்கத்தை இன்னொரு கையால் பிடித்து நிறுத்தினார். படிவத்தை எடுத்து என் மடியில் வைத்து அழுத்தினார். இவ்வளவுக்கும் வாய் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது, நானூற்றுப் பதினாறில் நான் கேட்டிராத ஒன்று.

எனக்குப் புரிந்தது. யாருக்கும் புரிந்திருக்கும். அந்த மனுஷன் பயந்து சாகிறார், அவர் நெஞ்சு ஆறட்டும், போடு கையெழுத்தை என்றார்.

படிவத்தில் கடைசிக் கேள்வி இப்படி இருந்தது: 'பங்கேற்பாளரின் வார்த்தைகள் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாக இருந்தனவா? ஆம் / இல்லை.' எனக்குப் புரிந்ததா என்று அது கேட்கவில்லை. புரிந்தது என்று எழுதினால் எப்படிப் புரிந்தது என்று சட்ட அம்மா கேட்பார். என் பேனா 'இல்லை'க்குப் போனது.

இருபத்தெட்டு வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவருக்குத் தலைகீழாக இருக்கிற படிவத்தையும் படிக்க வரும். அந்த அம்மா நான் குறித்ததைப் பார்த்தார். என் மணிக்கட்டில் பட்பட்டென்று இரண்டு முறை அடித்தார்.

நான் படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, குழாயை மூடலாம் என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தேன்.

குழுவிலிருந்து பேராசிரியருக்கு ஒற்றை வரிக் கடிதம் போனது. 'பங்கேற்பாளரின் இசைவு பெறப்படவில்லை.' வார்த்தை தெளிவில்லையா, விருப்பம் இல்லையா என்று அதில் இல்லை. விவரம் கூறுவது பங்கேற்பாளரின் அந்தரங்கத்தை மீறுவதாகும் என்று சட்ட அம்மா சொல்லிவிட்டார். மேல்முறையீட்டை ஒத்திவைப்பு இரண்டு முறை ஒத்திவைத்தார்.

அடுத்த வியாழன் பேராசிரியர் என்னிடம் தணிந்த குரலில் கேட்டார். "அவளுக்கு இஷ்டமில்லையா தம்பி?"

"அதைப் பத்தி நான் பேசக் கூடாது சார்."

"ஆமாமா. நானும் கேக்கக் கூடாது. அவகிட்டயும் கேக்கலே. மறுபடி யாராவது வந்து 'உங்க வீட்டுக்காரர் இதைப் பத்திப் பேசினாரா'ன்னு கேட்டா ஆமான்னு தலையாட்டிடுவா. அவளுக்குப் பொய்யாத் தலையாட்டத் தெரியாது. மொத்தமும் ரத்தாயிடும்."

ஒரே வீட்டில், ஒரே ஜன்னலுக்கு எதிரே, இரண்டு மாதம் அவர் அதைக் கேட்காமலே இருந்தார். படித்த மனுஷனுக்கு விதி என்றால் அப்படி ஒரு பயம். அந்தப் பயத்தை நம்பித்தான் எங்கள் குழு பிழைக்கிறது.

நாங்கள் எல்லாரும் அவருடைய இரண்டு ஸ்டென்டையே நினைத்துக்கொண்டிருந்தோம். ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், அவர் துவைத்த துணியை மடித்துக்கொண்டிருந்தபோது, அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார்.

மறுவாரம் பேராசிரியர் அலுவலகத்துக்கு வந்தார். வரச் சொல்லி எழுதியது நான்தான். பங்கேற்பாளர் விலகினால் பதினைந்து நாளுக்குள் விலகல் படிவம் நிரப்ப வேண்டும். அவர் என் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். விலகிய தேதி. விலகிய நேரம். முன்னறிவிப்புத் தரப்பட்டதா?

அந்த இடத்தில் பேனா நின்றது. "இல்லைன்னு போடட்டுமா தம்பி?"

"போடுங்க சார்."

"எந்தக் காரணமும் சொல்லாம விலகலாம்னு நான்தான் வாசிச்சேன் ஒவ்வொரு தடவையும்," என்றார். அதைச் சிரித்துக்கொண்டே சொல்லப் பார்த்தார். முடியவில்லை. நான் படிவத்தில் முத்திரை வைத்தேன்.

அடுத்த கூட்டத்தில் இந்த விஷயம் நான்கு நிமிஷத்தில் முடிந்தது. என் இருபத்திரண்டு வருஷத்தில் அவ்வளவு வேகமாக எதுவும் முடிந்ததில்லை.

"பங்கேற்பாளர் இப்ப இல்லாததால இசைவுங்கற கேள்வியே எழலை," என்றார் சட்ட அம்மா. முகம் மலர்ந்திருந்தது.

"இயக்கலாம். முழு அனுமதி," என்றார் ஒத்திவைப்பு. கண்ணாடியைக்கூடக் கழற்றவில்லை. "இவ்வளவு சிக்கல் இல்லாத கோப்பைப் பாத்து ரொம்ப நாளாச்சு. எல்லா ஆராய்ச்சியும் இப்படி இருந்தா நம்ம வேலை எவ்வளவு சுலபம்!"

பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் பொதுமக்கள் விழித்துக்கொண்டார்கள். "அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்கள்.

ஒத்திவைப்பு இப்போது கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். 'விவாதம் நடைபெற்றது' என்று எழுதினேன்.

பேராசிரியருக்கு இப்போது பெட்டி வேண்டாம். பதிவுகளில் ஒரு பிரதி மட்டும் கேட்டார். திட்டம் நிறைவடைந்தால்தான் அதைப் பற்றிப் பரிசீலிக்க முடியும், செயல்விளக்கம் காட்டினால்தான் திட்டம் நிறைவடையும் என்று பதில் போனது. துணைவேந்தருக்கு இதற்குள் மூக்கு வியர்த்துவிட்டது. 'பேசாதவரைப் பேசவைத்த பல்கலைக்கழகம்' என்று பெரிய பதாகை அச்சடித்துவிட்டார்.

அரங்கம் நிறைந்திருந்தது. மேடையில் பெட்டி, பின்னால் சுவர் அளவு திரை. மறைந்தவரின் குரலைப் பொதுவில் ஒலிபரப்புவது அந்தரங்க மீறல் என்று சட்ட அம்மா தடுத்துவிட்டதால், பெட்டியிடம் பேச ஆள் இல்லை. "நானே பேசித் தொடக்கி வைக்கிறேன்," என்றார் துணைவேந்தர்.

"அதுக்கு அவ பேச்சு மட்டும்தான் சார் தெரியும்," என்றார் பேராசிரியர்.

"என் பேச்சு எல்லாருக்கும் புரியும்," என்றார் துணைவேந்தர்.

ஒலிவாங்கி முன் நின்று ஆரம்பித்தார். "மனித நேயத்தின் உயர்ந்த சிகரத்தை இந்தப் பல்கலைக்கழகம் இன்று தொட்டிருக்கிறது."

பின்னால் திரையில் பெரிய எழுத்தில் வந்தது: ஃபேனைக் குறைங்க.

முன்வரிசையில் ஒரு சிரிப்பு அடக்கப்பட்டது. துணைவேந்தருக்குத் திரை முதுகுப் பக்கம். கைதட்டல் ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டார். "ஒரு தனிமனிதரின் துயரத்தையும் எங்கள் நிர்வாகம் வீணாக்குவதில்லை. அதை ஒரு சாதனையாக மாற்றாமல் நாங்கள் ஓய்ந்ததில்லை."

இந்த ஆள் எப்பப் போவாரு?

அரங்கமே அதிர்ந்தது. மாணவர்கள் பெஞ்சைத் தட்டினார்கள். சட்ட அம்மாகூடக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன். துணைவேந்தர் உற்சாகம் தாங்காமல் குரலை உயர்த்தினார். "அந்தப் பெண்மணி இன்று நம்மிடையே இல்லை. ஆனால் நெறிமுறைக் குழு காட்டிய கனிவை அவர் என்றும் மறக்கமாட்டார்!"

சாப்பிட்டீங்களா?

மூன்றாவது வரிசையில் பேராசிரியர் எழுந்து நின்றார். "ஆச்சும்மா," என்றார். சத்தமாகச் சொல்லவில்லை, ஆனால் கேட்டது. "இப்பத்தான். நீ கவலைப்படாதே."

சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது. துணைவேந்தர் மட்டும் பேசிக்கொண்டே போனார். கேட்பவர்கள் அமைதியானால் உருகிவிட்டார்கள் என்பது அவர் கணக்கு. உலகத் தரம் என்றார், தரவரிசை என்றார். திரையில், பக்கத்துல வந்து உக்காருங்க என்று வந்தது.

பேராசிரியர் வரிசையை விட்டு வெளியே வந்தார். படி ஏறி மேடைக்குப் போனார். பெட்டிக்குப் பக்கத்தில் முக்கிய விருந்தினருக்குப் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். துணைவேந்தர் தன் பேச்சை முடித்து, நெறிமுறை தெரியாத மனிதர் என்பதுபோல் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்கினார். ஒலிவாங்கியை அணைத்த பிறகும் பேராசிரியர் எழுந்திருக்கவில்லை. நான்தான் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தேன்.

'செயல்விளக்கம் வெற்றிகரமாக நடைபெற்றது' என்று குறிப்பு எழுதினேன். திட்டம் நிறைவடைந்தது. பிரதி பற்றிய விண்ணப்பமும் பரிசீலிக்கப்பட்டது. திட்டம் நிறைவடைந்ததும் பங்கேற்பாளரின் குரல் பதிவுகளை அழித்துவிட வேண்டும், அது அவர் அந்தரங்கத்துக்கு நாங்கள் தருகிற மரியாதை என்று விதி.

"நான் அவ வீட்டுக்காரன் சார்," என்றார் பேராசிரியர்.

"அதனாலதான் பயமா இருக்கு," என்றார் சட்ட அம்மா. "நெருங்கினவங்க மூலமாத்தான் அந்தரங்கம் வெளியில போகும்."

அழிப்பதற்கு ஒரு சாட்சி வேண்டும். கணினி அறையில் இயக்குபவர் ஒருவர், பக்கத்தில் நான், எனக்குப் பக்கத்தில் பேராசிரியர். அவர் வரக் கூடாது என்று எந்த விதியிலும் இல்லை, மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது. அவர் மடியில் அந்த நீள நோட்டு. 'நிச்சயமாக அழிக்கலாமா? ஆம் / இல்லை' என்று திரை கேட்டது. என்னைக் கேட்கவில்லை. நானும் வாயைத் திறக்கவில்லை. இயக்குபவர் 'ஆம்' அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். நானூற்றுப் பதினாறு வாக்கியமும் அழிய ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

"பழைய குரல் கல்யாண வீடியோல இருக்கு தம்பி," என்றார் பேராசிரியர். "அந்தக் குரல் ஊரோட எல்லாம் பேசினது. இது என்னோட மட்டும் பேசினது."

பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார். "இப்பவாவது சொல்லலாமா? அன்னிக்கு நான் குழாயைத் திறந்து வெச்சுக்கிட்டு நின்னேனே. அவ என்ன சொன்னா? அவளுக்கு இதெல்லாம் பிடிக்கலையா? அவளை வெச்சு நான் என்னமோ பண்ணிட்டேனா? எட்டு மாசமா இதுதான் தம்பி ஓடிக்கிட்டிருக்கு."

என் மேஜைக்கு முன்னால் அழுதவர்களுக்கெல்லாம் என்னிடம் ஒரு வாக்கியம் தயாராக இருக்கும். இதற்கு இல்லை.

"சம்மதம்னுதான் சொன்னாங்க சார். உங்க நெஞ்சைக் காட்டினாங்க. நீங்க பயப்படறீங்க, உங்க மனசு ஆறட்டும்னாங்க. எனக்கு நல்லாப் புரிஞ்சுது. நான்தான் இல்லைன்னு குறிச்சேன். வார்த்தை தெளிவா இல்லேன்னு."

நான் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று சொன்னேன். "நான் குறிச்சதைப் பாத்துட்டாங்க சார். என் கையில ரெண்டு தடவை அடிச்சாங்க."

"அடிச்சாளா?" நிமிர்ந்தார். "உங்களையுமா?"

"பட்பட்டுனு."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். கண்ணிலிருந்து நீர் பாட்டுக்கு வழிந்தது, அதைத் துடைக்கவும் இல்லை. "வேற யார்கிட்டயும் அவ அப்படிப் பண்ணினதில்லை தம்பி. டாக்டரைக்கூட அடிச்சதில்லை," என்றார். பிறகு நோட்டைப் பிரித்தார். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, கடைசி வரிக்குக் கீழே நானூற்றுப் பதினேழு என்று போட்டார். தேதி என்னிடம் கேட்டு எழுதினார். ஓசைக் கட்டத்துக்கு நான் அந்த அம்மா சொன்னதை நினைவுபடுத்திச் சொல்லிப் பார்த்தேன். என் வாயில் அது சரியாக வரவில்லை. மூன்று தடவை சொன்ன பிறகு அவர் தலையசைத்து எழுதிக்கொண்டார். பொருள் கட்டத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதினார்.

சரிபார்த்தவர் கட்டத்தில் பேனா நின்றது. என் பெயரைப் போடப் போகிறார் என்று நினைத்தேன். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் 'அவள்' என்று எழுதினார். நோட்டை மூடி வைத்துவிட்டு, என் மணிக்கட்டைப் பிடித்து ஒருமுறை அழுத்தினார்.